கஞ்சிராவிலிருந்து கணினிக்கு

வீட்டுக் கணினியில் இசையைப் பதிவதற்கு வேண்டிய பொருள்கள் அதிகமில்லை. ஒரு மைக், மைக்கிலிருந்து வரும் மின்குறியை எண்களாக மாற்றும் ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு ஹெட்போன், ஒரு மென்பொருள். இவற்றோடு ஓரளவு நல்ல கணினி இருந்தால் வேலை நடக்கும். பெரும்பாலோர் தடுமாறுவது தேர்வு செய்யும் வரிசையில்தான். எந்த மென்பொருள் சிறந்தது என்ற கேள்வியில் தொடங்குவார்கள். மைக்கைக் கடைசியில் மிச்சப் பணத்துக்கு வாங்குவார்கள். அறையைப் பற்றி யோசிப்பதே இல்லை. ஒலி போகும் வழியோ இதற்கு நேர் எதிர். அது கருவியில் பிறந்து, அறையில் அலைந்து, மைக்கில் விழுந்து, இன்டர்ஃபேஸில் எண்ணாகி, கடைசியாகத்தான் மென்பொருளிடம் வந்து சேர்கிறது. முந்தைய கட்டத்தில் கெட்டதைப் பிந்தைய கட்டத்தில் சீராக்குவது அரிது. ஆகவே கருவியில் தொடங்குவதே முறை.

எடுத்துக்காட்டுக்குக் கஞ்சிராவை எடுத்துக்கொள்ளலாம். பஜனைகளில் வாசிக்கப்பட்ட இந்தச் சிறிய கருவியைக் கச்சேரி மேடைக்கு உரியதாக வளர்த்த பெருமை புதுக்கோட்டை மாமூண்டியா பிள்ளையைச் சேரும். அவருடைய சீடர் தட்சிணாமூர்த்திப் பிள்ளை மிருதங்கத்திலும் கஞ்சிராவிலும் பெயர் பெற்றவர். இன்று 'புதுக்கோட்டை பாணி' என்று தாளவாத்தியக்காரர்கள் சொல்வது இந்த மரபைத்தான். புதுக்கோட்டையின் பெருமை ஒருபுறம் இருக்க, பதிவுக் கருவிகளைச் சோதித்துப் பார்க்கவும் கஞ்சிரா மிகவும் ஏற்றது. உள்ளங்கையை மீறும் அளவுள்ள ஒரு வளையத்திலிருந்து இரண்டு வேறு உலகங்களின் ஒலி வருகிறது.

கஞ்சிராவின் வளையம் பலாமரத்தில் கடையப்படுவது. குறுக்களவு 7 முதல் 9 அங்குலம். ஒரு பக்கம் மட்டும் தோல். வளையத்தில் வெட்டிய இடுக்கில் சில உலோக வில்லைகள் கோத்திருக்கும். பழைய நாணயங்களைக் கோப்பதும் உண்டு. மரபாகக் கட்டியது உடும்புத் தோல். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உடும்பைப் பாதுகாக்கப்பட்ட விலங்காக்கியபின் ஆட்டுத்தோலும் செயற்கைத் தோலும் அந்த இடத்துக்கு வந்துவிட்டன. வாசிப்பதற்கு முன் தோலின் உட்புறம் தண்ணீர் தடவுவார்கள். ஈரத்தில் தோல் தளர்ந்து கனக்கும். ஒலி கீழே இறங்கும். பிடித்திருக்கும் இடக்கை விரல்கள் தோலை அழுத்தினால் அந்தக் கீழ் ஒலி 'கும்' என்று எழுந்து வளையும்.

மிருதங்கத்தின் வலந்தலையில் உள்ள கரணை, தோலின் மேல்சுரங்களை அடிப்படைச் சுரத்தின் முழு மடங்குகளாக இழுத்து நிறுத்துகிறது. அதனால்தான் அதைச் சுருதியில் சேர்க்க முடிகிறது. திருவானைக்காவலில் பிறந்த சி. வி. ராமன் 1920-இலும் பின்பு 1934-இலும் இதை ஆராய்ந்து எழுதினார். கஞ்சிராவில் கரணை இல்லை. அதன் மேல்சுரங்கள் முழு மடங்குகளில் அமையாததால் காதுக்குச் சுரமாகப் படாமல் கனமான அடியாகவே படுகிறது. அந்த அடியின் சாரம் 100 ஹெர்ட்ஸையொட்டியும் அதற்குக் கீழும் இருக்கும். வில்லைகளின் 'சல்' என்ற ஒலியோ பல ஆயிரம் ஹெர்ட்ஸில் இருக்கிறது. மனிதக் காது கேட்கும் எல்லை ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ். அந்த எல்லையின் இரு ஓரங்களையும் ஒரே அடியில் நெருங்கும் கருவியை ஒழுங்காகப் பதியும் ஏற்பாட்டில் மனிதக் குரலைப் பதிவது எளிது.

அடுத்தது அறை. சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதை முதன்முதலாக அளந்து கணக்காக்கியவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வாலஸ் சபைன். 1895 முதல், இரவுகளில், பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து, பேச்சே புரியாத ஒரு விரிவுரைக் கூடத்தில் அடுக்கிப் பார்த்தார். மெத்தை கூடக்கூட எதிரொலி குறைந்தது. அவர் கண்ட விதி சுருக்கமானது: அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, அறை மொத்தமாக உறிஞ்சும் பரப்பால் வகுத்தால், ஒலி அடங்க எடுக்கும் நொடிகள் கிடைக்கும். அளவுகள் மீட்டரில் இருக்க வேண்டும்.

நீளம், அகலம், உயரம் மூன்றும் 10 அடியுள்ள, சிமெண்ட் பூசி டைல்ஸ் பதித்த ஒரு காலி அறைக்கு இதைப் போட்டுப் பார்க்கலாம். கன அளவு 28 கனமீட்டர் சொச்சம். சுவர், தரை, கூரை சேர்ந்து 56 சதுர மீட்டர். பூச்சுச் சுவர் தன்மேல் விழும் ஒலியில் நூற்றுக்கு மூன்று பங்கைத்தான் விழுங்கும் என்று கொண்டால், ஒலி அடங்க 2.7 நொடி ஆகும். அதே அறையில், விழும் ஒலியில் பாதியை விழுங்கும் பஞ்சு மெத்தை, தலையணை, ஜமக்காளம், துணி நிறைந்த அலமாரி என்று 10 சதுர மீட்டர் பரப்பு சேர்ந்தால் 0.7 நொடிக்கு இறங்கிவிடும். மைக்குக்குச் செலவிடும் பணத்தைவிட வீட்டில் ஏற்கெனவே கிடக்கும் மெத்தைகள் அதிகம் சாதிக்கின்றன. சுவரில் முட்டை அட்டை ஒட்டும் பழக்கம் மட்டும் வீண்வேலை. அந்த மெல்லிய அட்டை பெரிதாக எதையும் உறிஞ்சுவதில்லை. வெளிச்சத்தத்தைத் தடுப்பதும் இல்லை.

மெத்தைக்கும் எல்லை உண்டு. 80 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் நான்கு மீட்டருக்கு மேல். பஞ்சு அதை நன்றாக உறிஞ்ச வேண்டுமானால் அலைநீளத்தில் கால்பங்கு, அதாவது ஒரு மீட்டருக்கு மேல் தடிமன் வேண்டும். எந்த வீட்டிலும் அது நடக்காது. அதனால் கஞ்சிராவின் 'கும்' சிறிய அறையில் ஓரிடத்தில் வீங்கியும் ஓரிடத்தில் காணாமலும் போகும். 10 அடி இடைவெளியுள்ள இரு சுவர்களுக்கு நடுவே 57 ஹெர்ட்ஸ் ஒலி அடங்காமல் நின்றுவிடும். சுவரோரம் அது பலமாகவும் அறையின் நட்டநடுவில் மெலிந்தும் கேட்கும். வாசிப்பவரும் மைக்கும் மூலையிலும் இல்லாமல், சரியான நடுவிலும் இல்லாமல், அறையின் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் அமர்வதே இதற்குள்ள செலவில்லாத வைத்தியம்.

புதுக்கோட்டை மாவட்டத்துத் திருமயம் வட்டத்தின் ராயவரம், கோனாபட்டு போன்ற ஊர்களில் உள்ள நகரத்தார் வீடுகளில் கதை வேறு. உயர்ந்த கூரை, பளிங்குபோல் தேய்த்த சுண்ணாம்புப் பூச்சு, வழவழப்பான தரை கொண்ட பெரிய கூடத்தில் ஒலி பல நொடிகள் தங்கும். தனியாகப் பாடும் பெண்குரலுக்கோ புல்லாங்குழலுக்கோ அது அழகு சேர்க்கும். மென்பொருளில் சேர்க்கும் செயற்கை ரிவெர்பைவிட மெய்யாக இருக்கும். வேகமான தாளவாத்தியத்துக்கு அதே கூடம் எமன். ஒரு தாளச்சொல் அடங்குவதற்குள் அடுத்த பத்துச் சொற்கள் வந்து விழுந்து குழம்பிவிடும்.

சத்தத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். மின்விசிறியை நிறுத்தாமல் பதிவு இல்லை. சித்திரை வெயிலில் இது சின்ன விஷயமல்ல என்பதால் அதிகாலையோ இரவோதான் வசதி. விராலிமலைப் பக்கம் அதிகாலையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மயில்களுக்குப் பேர்போன ஊர் அது. மயிலின் அகவல் மூடிய சன்னலையும் தாண்டி வரும். அதன் அதிர்வெண் பாட்டுக்குரலின் எல்லைக்குள்ளேயே கிடப்பதால் பிறகு வடிகட்டி எடுக்கவும் முடியாது. பாடியதை மறுபடி பாடுவதுதான் வழி.

மைக்குகளில் இரண்டு இனங்களை அறிந்தால் போதும். டைனமிக் மைக்கில் மெல்லிய தகட்டோடு ஒட்டிய கம்பிச்சுருள் காந்தப்புலத்தில் அசைந்து மின்சாரம் தருகிறது. கண்டென்சர் மைக்கில் மின்னூட்டம் பெற்ற இரு தகடுகளின் இடைவெளி மாறுவதால் குறி பிறக்கிறது. இதற்கு வெளியிலிருந்து மின்சாரம், வழக்கமாக 48 வோல்ட் ஃபான்டம் பவர், தேவை. கம்பிச்சுருளின் எடை இல்லாததால் கண்டென்சர் தகடு விரைந்து அசையும். வில்லையின் 'சல்' போன்ற கூர்மையான ஒலிகள் அதில் தெளிவாக விழும். அறையின் குறைகளும் அதே தெளிவோடு விழும் என்பதைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை. மெத்தை அடுக்காத அறையில், விலை உயர்ந்த கண்டென்சரைவிட, 1960-களிலிருந்து விற்பனையில் உள்ள ஷூர் எஸ்எம்57, எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக் நல்ல பதிவைத் தரும். வாய்க்கு அருகில் வைத்துப் பாடப்படுவதால் அது அறையைக் குறைவாகவே கேட்கிறது.

கஞ்சிராவுக்குச் சிறுதகட்டுக் கண்டென்சர் ஒன்று தோலுக்கு முன்னால், ஓர் அடி முதல் ஒன்றரை அடி தூரத்தில், சற்றுச் சாய்வாக நிற்க வேண்டும். மிக நெருக்கினால், ஒருபக்கம் மட்டும் கேட்கும் மைக்குகளுக்கே உரிய இயல்பால் கீழ் ஒலி ஊதிப் பெருகும். தள்ளினால் அறை உள்ளே வந்துவிடும். ஓரங்குலம் நகர்த்தினாலும் 'கும்', 'சல்' இரண்டின் விகிதம் மாறுவதை ஹெட்போனில் கேட்கலாம். மென்பொருளின் ஈக்வலைசரை ஒரு மணி நேரம் திருகிக் கிடைக்கும் மாற்றத்தைவிட இது பெரிது.

நாதஸ்வரம் முரட்டு ஒலி. அணசுக்கு நேர் எதிரே மைக்கை நிறுத்துவது பலரும் செய்யும் பிழை. ஒலி துளைகளிலிருந்தும் வருவதால் அணசு மட்டும் கேட்கும் மைக்கில் சுரத்துக்குச் சுரம் நிறம் மாறும். ஒரு மீட்டர் தள்ளி, குழலின் நடுப்பகுதியைப் பார்த்து வைத்தால் சமன்படும். தவிலுக்கு இரண்டு பக்கமும் தனித்தனி மைக் வேண்டும். கூடு மாட்டிய விரல்கள் தாக்கும் வலந்தலையும் கம்பு விழும் தொப்பியும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத குணமுடையவை. இரண்டு மைக் வைக்கும்போது, ஒவ்வொரு மைக்கும் தன் பக்கத்திலிருந்து உள்ள தூரத்தைப்போல் குறைந்தது மூன்று மடங்கு தூரம் மற்ற மைக்கிலிருந்து விலகியிருப்பது நல்லது. இல்லையென்றால் ஒரே ஒலி சற்று முன்பின்னாக இரண்டிலும் விழுந்து, சேர்க்கும்போது சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்துவிடும்.

யுஎஸ்பி மைக் ஒரு குறுக்குவழி. மைக்கும் மாற்றியும் ஒரே உடலில் இருப்பதால் செலவு மிச்சம். தனியாகப் பாடுபவருக்கும் பேசுபவருக்கும் அது போதும். ஆனால் நாளைக்கு இரண்டாவது மைக் வேண்டும் என்று தோன்றினால் அதை ஒதுக்கிவிட்டு முதலிலிருந்து வாங்க வேண்டியிருக்கும். தாளவாத்தியம் உள்ள வீட்டில் தொடக்கத்திலேயே இரண்டு மைக் உள்ளீடு கொண்ட இன்டர்ஃபேஸ் வாங்கிவிடுவது சிக்கனம்.

இன்டர்ஃபேஸின் வேலை, தொடர்ந்து ஏறி இறங்கும் மின்னழுத்தத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை அளந்து எண்ணாக எழுதுவது. எவ்வளவு உயர்ந்த அதிர்வெண்ணைப் பிடிக்க வேண்டுமோ அதன் இரு மடங்குக்கு மேல் அளக்க வேண்டும் என்பது விதி. காது கேட்கும் 20,000 ஹெர்ட்ஸுக்குக் குறுந்தகட்டின் 44,100 போதும். வீடியோவோடு சேரும் பாட்டுக்கு 48,000 வழக்கம். 96,000, 192,000 என்று பெட்டிமேல் அச்சிட்டிருப்பதற்காகக் கூடுதல் பணம் தருவதில் வீட்டுப் பதிவுக்குப் பயன் இல்லை. பிட் எண்ணிக்கை அப்படியல்ல. அதில் பயன் உண்டு. ஒவ்வொரு பிட்டும் ஏறத்தாழ 6 டெசிபல் இடைவெளி தருகிறது: 16 பிட்டுக்கு 96, 24 பிட்டுக்குக் கணக்குப்படி 144. எந்த மின்சுற்றின் இரைச்சலும் 24 பிட்டின் அடிமட்டத்தைவிட உயர்ந்தே இருக்கும் என்பதால் அந்த இடைவெளி முழுதும் நடைமுறையில் கிடைக்காது. ஆனாலும் அதனால் ஒரு நிம்மதி பிறக்கிறது. கெயினை, அதாவது மைக்கின் குறியைப் பெருக்கும் அளவை, தாராளமாகக் குறைத்து, மிக உரத்த அடிகூட உச்சவரம்புக்கு 12 டெசிபல் கீழே நிற்கும்படி பதியலாம். சிவப்பு விளக்கு எரியும் வரை கெயினை ஏற்றுவது டேப் காலத்துப் பழக்கம். எண்முறைப் பதிவில் வரம்பைத் தாண்டிய அலையின் தலை வெட்டுப்பட்டுப் போகும்.

இன்னொரு தொல்லை தாமதம். கணினி ஒலியைத் துளித்துளியாக அல்லாமல் கட்டுக்கட்டாக வாங்கி வேலை செய்கிறது. 48,000 வேகத்தில் 256 அளவுகள் கொண்ட ஒரு கட்டு நிரம்ப 5.3 மில்லிநொடி, உள்ளே ஒருமுறையும் வெளியே ஒருமுறையும் ஆகும்போது 11. கட்டு 1024 ஆனால் போக வர 43 மில்லிநொடி. நிமிடத்துக்கு 80 தட்டு வேகத்தில், ஒரு தட்டுக்கு எட்டுச் சொல் வாசிக்கும் கஞ்சிராக்காரருக்கு இரண்டு சொற்களின் இடைவெளியே 94 மில்லிநொடிதான். தன் வாசிப்பே கிட்டத்தட்ட அரை இடைவெளி பிந்தி ஹெட்போனில் கேட்டால் யாருக்கும் தாளம் நிற்காது. இதற்காகவே பெரும்பாலான இன்டர்ஃபேஸ்களில் மைக்கின் ஒலியைக் கணினிக்குள் விடாமல் நேரே ஹெட்போனுக்கு அனுப்பும் பொத்தான் இருக்கிறது. வாங்கும்போது அந்தப் பொத்தான் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். விண்டோஸ் கணினியில் அந்தக் கருவிக்கென்று தயாரிப்பாளரே தரும், தாமதத்தைக் குறைக்கும் ஏசியோ டிரைவர் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

மின்சாரம் புதுக்கோட்டை வட்டாரத்தில் தனிப் பாடம். பதிவில் 'ம்ம்ம்' என்று அடியில் ஓடும் ஒலி 50 ஹெர்ட்ஸ் மின்கம்பியின் கைவரிசை. எர்த் சரியாக இல்லாத பழைய வயரிங்கில் இது பெரும்பாலும் வரும். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டினால் பல வீடுகளில் அந்த நொடியே நின்றுவிடும். மைக்குக்கு எக்ஸ்எல்ஆர் கேபிள் பயன்படுத்துவதும் இதற்காகத்தான்: ஒரே குறியை நேராகவும் தலைகீழாகவும் இரு கம்பிகளில் அனுப்பி, மறுமுனையில் கழித்துப் பார்க்கும்போது வழியில் ஏறிய இரைச்சல் மட்டும் அழிந்துபோகிறது. மின்வெட்டின்போது சதுர அலை இன்வெர்ட்டரில் ஓட்டிப் பதிவது கூடாது. அதன் மின்சாரத்தில் 50-இன் மடங்குகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். இந்த எல்லாக் காரணங்களாலும் மேசைக்கணினியைவிட மடிக்கணினியே இங்கு பொருத்தம்.

கணினியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 8 ஜிபி நினைவகமும் எஸ்எஸ்டி வட்டும் உள்ள சாதாரணக் கணினி பத்துப் பதினைந்து டிராக்கைச் சுலபமாகச் சுமக்கும். அதன் விசிறிச் சத்தம் மைக்கில் ஏறாதபடி தள்ளி வைத்தால் போதும்.

மென்பொருளுக்கு இப்போது வரலாம். பதிவது, வெட்டி ஒட்டிக் கலப்பது, கணினிக்குள்ளேயே இசைக்கருவிகளை உருவாக்குவது என்று வேலை மூன்று. முதல் வேலைக்கு ஆடாசிட்டி போதும். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மசோனி, ராஜர் டானன்பர்க் இருவரும் தொடங்கி 2000-இல் வெளியிட்ட இலவச மென்பொருள் இது. பழைய கேசட்டைக் கணினிக்கு மாற்றவும், ஒரு பாட்டியின் தாலாட்டையோ நடவுப் பாட்டையோ பதிந்து இரைச்சல் நீக்கிச் சேமிக்கவும் இதைவிட எளியது இல்லை. பல டிராக்குகளை அடுக்கி நுணுக்கமாகக் கலக்கும்போதுதான் இது திணறும். ஏசியோ டிரைவர் வசதி உரிமச் சிக்கலால் பல ஆண்டுகள் இதன் விண்டோஸ் பதிப்பில் இல்லாமல் இருந்ததும் ஒரு குறை.

இரண்டாவது வேலைக்கு ரீப்பர் என்பது இந்தக் கட்டுரையின் துணிபு. வினாம்ப்பை எழுதிய ஜஸ்டின் ஃப்ராங்கல் உருவாக்கியது. 2006-இல் முதல் முழுப் பதிப்பு வந்தது. எந்த வசதியையும் மறைக்காமல் 60 நாள் சோதித்துப் பார்க்க விடுகிறது. தனிநபர் உரிமத்தின் விலை 60 டாலர். நிறுவும் கோப்பு சிறியது, பழைய கணினியிலும் ஓடும். அழகற்ற முகப்பு என்று குறை சொல்வாருண்டு, அது உண்மைதான். லினக்ஸில் இதே வேலைக்கு ஆர்டர் என்னும் மென்பொருள் இருக்கிறது. ஆப்பிள் கணினி வைத்திருப்பவருக்கு கராஜ்பேண்ட் செலவில்லாமல் கிடைக்கும். பல ஆயிரம் ரூபாய் பெறும் மென்பொருளின் திருட்டுப் பிரதியை இறக்குவது மட்டும் எந்த வகையிலும் லாபமில்லை. நச்சுநிரல் ஏறிக் கணினியோடு மாதக்கணக்கில் செய்த பதிவுகளும் போனால் அவற்றுக்கு விலையே கிடையாது. கேட்பவருக்குப் பாட்டு எந்த மென்பொருளில் கலக்கப்பட்டது என்பது தெரியப் போவதும் இல்லை.

மூன்றாவது வேலை மிடியைச் சார்ந்தது. 1983-இல் வந்த இந்த ஏற்பாடு ஒலியைப் பதிவதில்லை. எந்தக் கட்டை, எப்போது, எவ்வளவு பலமாக அழுத்தப்பட்டது என்பதை எண்களாகக் குறிக்கிறது. சுரங்களுக்கு 0 முதல் 127 வரை எண். பியானோவின் நடு 'சி' 60. இசையை இப்படிக் குறியாக எழுதும் எண்ணம் புதுக்கோட்டை வட்டாரத்துக்குப் புதிதல்ல. குடுமியான்மலைக் குன்றில், குடைவரைக் கோயிலுக்குப் பக்கத்துப் பாறையில், 7-ஆம் நூற்றாண்டுக் கிரந்த எழுத்தில் ஓர் இசைக் கல்வெட்டு இருக்கிறது. ஏழு பகுதிகள், ஒவ்வொன்றிலும் நான்கு நான்கு சுரங்களாகக் கட்டிய தொகுதிகள். பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் வெட்டுவித்தது என்பாரும் உண்டு, மறுப்பாரும் உண்டு. எந்தச் சுரத்துக்குப் பின் எந்தச் சுரம் என்பது 1,300 ஆண்டுக்குப் பிறகும் அங்கே படிக்கக் கிடைக்கிறது. அதைப் பாடியவர் சுரத்தை எப்படி அசைத்தார் என்பது கிடைக்கவில்லை.

மிடியின் குறையும் அதேதான். இரண்டு கட்டைகளுக்கு நடுவே வழுக்கிச் செல்லும் கமகத்தைக் காட்ட 'பிட்ச் பெண்ட்' என்னும் வளைப்புக் குறி இருக்கிறது. அதில் 16,384 படிகள் உண்டு, நுணுக்கத்துக்குக் குறைவில்லை. ஆனால் கைவிரலால் ஒரு சக்கரத்தை உருட்டித் தோடிக் காந்தாரத்தைப் பிடிப்பது பெரும்பாடு. அதனால் தாளக்கட்டு, தம்பூரா, பின்னணிக் கீபோர்டு ஆகியவற்றை மிடியில் வைத்துக்கொண்டு, பாட்டையும் நாதஸ்வரத்தையும் தோல்கருவியையும் மைக்கில் பதிவதே நம் இசைக்குச் சரிவரும். மென்பொருள் எடுத்த எடுப்பில் நாலு தட்டுக் கணக்கில் கட்டம் போட்டு வைத்திருக்கும். மிச்ரசாபு தாளத்துக்கு அதை ஏழாக மாற்றிய பிறகே பதிவைத் தொடங்க வேண்டும். பாதியில் மாற்றினால் வெட்டி ஒட்டும் வேலை மும்மடங்காகும்.

கலக்கும்போது காதுக்கு எது ஒலி தருகிறது என்பது முக்கியம். மடிக்கணினியின் ஒலிபெருக்கி சுமார் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. அதில் கேட்டுக் கலப்பவர் 'கும்' போதவில்லை என்று ஏற்றிக்கொண்டே போவார்; அந்தப் பாட்டு திருவிழாப் பந்தலின் பெரிய பெட்டிகளில் ஓடும்போது குரலே கேட்காமல் முழங்கும். காதை முழுதும் மூடும் ஹெட்போன் ஒன்று பதிவுக்கும் கலப்புக்கும் உதவும்; மூடிய வகை என்றால் அதன் ஒலி கசிந்து மைக்கில் ஏறாது. கலந்ததைக் கார், கைப்பேசி, பெட்டி என்று மூன்று நான்கு இடத்தில் போட்டுக் கேட்ட பிறகுதான் முடிந்ததாகக் கொள்ள வேண்டும். யூடியூப் உரத்த பாட்டுகளை ஏறத்தாழ மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் என்ற உரப்பு அளவுக்கு இறக்கிவிடுவதால், அதற்கு மேல் நசுக்கி உரக்கச் செய்வதில் பயன் கிடையாது.

கடைசி வேலை சேமிப்பு. 48,000 வேகம், 24 பிட், ஒரு டிராக் என்றால் நிமிடத்துக்கு 8.6 எம்பி; எட்டு டிராக் உள்ள ஐந்து நிமிடப் பாட்டுக்கு 350 எம்பிக்குச் சற்றுக் குறைவு. மூலப் பதிவுகளை வேவ் கோப்பாகவே வைத்திருக்க வேண்டும். எம்பி3 கேட்பவருக்கு அனுப்ப மட்டும். ஒரு பிரதி கணினியில், ஒன்று வெளிவட்டில், ஒன்று வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ இருக்கட்டும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது ஆலங்குடி, அறந்தாங்கிப் பக்கத்துக் கிராமங்களில் ஓடுகள் பறந்து, பல நாள் மின்சாரமே இல்லாமல் கிடந்தது. மூன்று பிரதியும் ஒரே அலமாரியில் இருந்தால் அது ஒரு பிரதிதான். கோப்பின் பெயரில் தேதி, பாட்டு, பாடியவர், கருவி, சுருதிக் கட்டை ஆகியவற்றைப் பதிந்த அன்றே எழுதிவிட வேண்டும். மென்பொருள் தானாக வைக்கும் 'டிராக் 1', 'டிராக் 2' என்ற பெயர்களை வைத்துக்கொண்டு ஆறு மாதம் கழித்து எதையும் தேட முடியாது.